எம்.பி.பி.எஸ். சேர்ந்தாச்சு, உதவித்தொகைக்கு என்ன செய்வது? பதினான்கு மாதம் அலைந்தவன் எழுதுவது

நான் இப்போது எம்.பி.பி.எஸ்.ஸில் ஃபைனல் பார்ட் ஒன், அதாவது இறுதிக் கட்டத்தின் முதல் பகுதி, படிக்கிறேன். முதல் ஆண்டில் எனக்கு வரவேண்டிய உதவித்தொகை கைக்கு வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது. எனக்குத் தகுதி இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது, விண்ணப்பத்தையும் கடைசித் தேதிக்கு முன்பே போட்டிருந்தேன். மாட்டிக்கொண்டது ஒரு இனிஷியலிலும் ஒரு பழைய வங்கிக் கணக்கிலும்தான். இந்த ஆண்டு ஜூனியர்கள் அதே கேள்விகளோடு ஹாஸ்டல் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேரும் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பல் மருத்துவம் படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கவுன்சலிங்குக்கு முன்பே காகிதங்களை எடுத்துவிடுங்கள்

பி.ஏ., பி.எஸ்சி. சேருபவர்களுக்கு ஜூன், ஜூலையிலேயே கல்லூரி திறந்துவிடும். நமக்கு நீட் முடிவு, தரவரிசைப் பட்டியல், முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று இழுத்து, வகுப்பு தொடங்கவே செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். கடைசிச் சுற்றில் சேருபவர்களுக்கு இன்னும் தாமதம். உதவித்தொகை இணையதளங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆண்டின் நடுவில் திறந்து, நாம் ராகிங் தடுப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் மூடும் கட்டத்துக்கு வந்துவிடுகின்றன. தேதியை நீட்டிப்பது வழக்கம்தான், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். சீட் கிடைத்த பிறகு சான்றிதழுக்கு அலையத் தொடங்கினால் முதல் ஆண்டுப் பணம் போனது போனதுதான்.

நீட் எழுதி முடித்த வாரமே இவற்றைச் சேகரிக்கத் தொடங்குங்கள்:

- சாதிச் சான்றிதழ். பழைய அட்டை வடிவில் இருந்தால், இணையத்தில் சரிபார்க்கக்கூடிய புதிய வடிவில் வாங்கிவிடுங்கள்.
- வருமானச் சான்றிதழ்.
- இருப்பிடச் சான்றிதழ்.
- முதல் பட்டதாரிச் சான்றிதழ், பொருந்துமானால்.
- 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ்.
- அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.
- ஆதார், வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒரு டஜன்.

சேர்ந்த பிறகு கல்லூரியில் வாங்க வேண்டியவை போனஃபைடு சான்றிதழ் (இந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று), கட்டண ரசீது, ஹாஸ்டலில் இருந்தால் அதற்கான சான்று. கட்டண ரசீது தலைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்ட ரசீதை நான் பதிவேற்றினேன். டியூஷன் கட்டணம் எவ்வளவு என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் ஒன்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படிப்படியாகப் போகும். ஒரு வாரத்திலும் கிடைக்கலாம், ஒரு மாதமும் ஆகலாம். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து நிலையைப் பாருங்கள். யாருடைய மேசையில் நிற்கிறது என்று தெரிந்தால் நேரில் போய்க் கேட்கலாம். இரண்டு முறை அப்படிப் போய்த்தான் என் வேலை நடந்தது.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதை ரொம்பச் சீக்கிரமாகவும் எடுக்காதீர்கள். பிப்ரவரியில் எடுத்தால் அடுத்த பிப்ரவரியில், சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே காலாவதியாகிவிடும். மே, ஜூன் சரியான நேரம். அதில் எழுதப்படும் தொகைதான் உங்களுக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2.5 லட்சம் என்பது பல திட்டங்களின் வரம்பு, 4.5 லட்சம் அடுத்தது, 8 லட்சம் சிலவற்றுக்கு. அப்பாவின் வருமானத்தை உத்தேசமாகக் கூட்டிச் சொல்லிவிடாமல், சம்பளச் சீட்டையோ நிலக் கணக்கையோ வைத்துச் சரியாகச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்வது வேறு வகை ஆபத்து, அதற்குள் போகவே வேண்டாம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தில் உங்களுக்கு முன்னால் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா எல்லோரையும் கணக்கில் எடுப்பார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் இந்தச் சலுகையைப் பெற முடியும். அக்கா ஏற்கெனவே பொறியியலில் வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. இதற்குச் சாதியோ வருமானமோ தடையில்லை. ஆனால் ஒற்றைச் சாளர முறையில், அதாவது அரசுக் கவுன்சலிங் வழியாக, அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

2. இனிஷியல் என்னும் பூதம்

வடக்கே எழுதப்பட்ட படிவங்களுக்கு நம் ஊர் இனிஷியல் புரிவதில்லை. பள்ளிச் சான்றிதழில் "மு. கவிதா" என்று இருக்கும். ஆதாரில் "கவிதா முருகன்" என்று இருக்கும். வங்கியில் "கவிதா எம்" என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் எளிது. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரிய வேலை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் எழுத்துக்கு எழுத்து, இடைவெளியும் புள்ளியும் உட்படப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஆதாரில் பதிவான கைபேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். என் ஆதாரில் சித்தப்பாவின் எண் இருந்தது. அவர் வெளிநாட்டில் இருந்தார்!

3. வங்கிக் கணக்கு: "இணைத்தாச்சு" என்றால் நம்பாதீர்கள்

என் பதினான்கு மாதத்தில் பத்து மாதம் இங்கேதான் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வங்கியில் போய் "ஆதாரை இணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். பொய் இல்லை. கே.ஒய்.சி. என்னும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக இணைத்திருப்பார்கள். அரசு உதவித்தொகை வருவதற்கு அது போதாது. என்.பி.சி.ஐ. என்னும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக அந்த வங்கி பதிவாகியிருக்க வேண்டும். இதை ஆதார் சீடிங் என்கிறார்கள். இதற்குத் தனிப் படிவம் உண்டு. கேட்டு வாங்கி, நிரப்பிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து ஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலையை நீங்களே பாருங்கள்.

ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அந்தப் பட்டியலில் இருக்கும். விண்ணப்பத்தில் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக வரும் பணம் பட்டியலில் உள்ள கணக்குக்குத்தான் போகும். எட்டாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காக எனக்கு ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார்கள். அது இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. பணம் அங்கே போயிருந்தது. பாஸ்புக் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

பள்ளிக் காலக் கணக்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் இன்னும் மூன்று விஷயம். உங்களுக்கு 18 வயது ஆனதும் மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். அது "சிறு கணக்கு" வகையாக இருந்தால், இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஓராண்டில் வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. முழு கே.ஒய்.சி. கொடுத்துச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் போட்டுவைத்த கணக்கு முடங்கியிருக்கும், அதையும் உயிர்ப்பிக்க வேண்டும்.

4. உங்களுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க முடியாது. முதலில் நீங்கள் யார், எங்கே படித்தீர்கள், பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும். கல்லூரி உங்களிடம் ஏதாவது கட்டணம் கேட்டால், என்ன தலைப்பில் என்று எழுத்தில் கேளுங்கள். இதோடு மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் செப்டம்பர் 2022-இலும் தமிழ்ப் புதல்வன் ஆகஸ்ட் 2024-இலும் தொடங்கின. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். நிறையப் பேர் "நமக்குத்தான் எல்லாம் இலவசமாச்சே" என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஒதுக்கீட்டில் சேராமல் பொதுப் போட்டியில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் இந்த 1,000 உண்டு.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் வரை. கட்டாயக் கட்டணங்கள் போக, பட்டியல் சாதித் திட்டத்தில் எம்.பி.பி.எஸ். போன்ற தொழிற்படிப்புகளுக்குப் பராமரிப்புப் படி விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாய். விடுதியில் இருந்துகொண்டு படிவத்தில் "டே ஸ்காலர்" என்று தெரியாமல் அழுத்திவிட்டுப் பாதித் தொகையோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிறித்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் மத்திய திட்டத்தில் வரமாட்டார்கள், மாநிலத் திட்டத்தில் வருவார்கள். யாரோ "உங்களுக்குக் கிடையாது" என்றால் அதோடு திரும்பிவிட வேண்டாம். எய்ம்ஸ் போன்ற அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர்களுக்கு டாப் கிளாஸ் திட்டம் தனியாக இருக்கிறது. வருமான வரம்பு 8 லட்சம், கல்விக் கட்டணம் முழுவதும், அதற்கு மேல் முதல் ஆண்டு 86,000, அடுத்தடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாய்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புகளுக்கு மாநில அரசின் உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு 2.5 லட்சம், கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய கல்வித் துறையின் திட்டம் இருக்கிறது. உங்கள் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டு 12,000, நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 20,000 ரூபாய். ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ பெறுபவர்கள் இதை வாங்கக் கூடாது. எது அதிகம் என்று காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீட்டுக்காக ஓராண்டு, ஈராண்டு வீட்டில் இருந்து படித்தவர்கள், பிளஸ் டூ முடித்த ஆண்டு பற்றி அந்த ஆண்டு வழிகாட்டுதலில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.

பெற்றோரின் வேலையை வைத்துக் கிடைப்பவற்றை யாரும் தேடுவதே இல்லை. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறை தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை தருகிறது. அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டைதான் இதற்கு முக்கியமான ஆவணம். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமரின் உதவித்தொகை மகளிருக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 ரூபாய். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கட்டுமானம் போன்ற அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியங்களும் கல்வி உதவி தருகின்றன. அப்பாவின் வாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தனியார் பக்கம் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷனின் இளநிலை உதவித்தொகை எந்தப் பாடப்பிரிவுக்கும் உண்டு, படிப்புக் காலம் முழுமைக்கும் 2 லட்சம் ரூபாய் வரை. முதல் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும், இணையவழித் திறனறித் தேர்வு எழுத வேண்டும். ஃபவுண்டேஷன் ஃபார் எக்ஸலன்ஸ் மருத்துவ மாணவர்களுக்கும் தருகிறது. தனியார் அறக்கட்டளைகள் உங்கள் குடும்பக் கதையைக் கேட்பார்கள். பதற்றமில்லாமல், மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பவர்களும் உண்டு.

இணையத்தில் பழைய பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் இன்ஸ்பயர் உதவித்தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. கே.வி.பி.ஒய். என்னும் இன்னொரு அறிவியல் உதவித்தொகை நிறுத்தப்பட்டுவிட்டது.

5. விண்ணப்பத்தைப் போடுவது

மத்திய திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகைத் தளத்தில் முதலில் ஓ.டி.ஆர். என்னும் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். 14 இலக்க எண் கிடைக்கும், படிப்பு முடியும்வரை அதுதான். முகத்தை ஸ்கேன் செய்யும் கட்டத்தில் வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள். ஹாஸ்டல் அறை டியூப்லைட்டில் எனக்கு நான்கு முறை தோற்றது, மொட்டை மாடியில் உடனே முடிந்தது. மாநிலத் திட்டங்களுக்கு யு.எம்.ஐ.எஸ். (கல்லூரி மாணவர்களுக்கான மாநிலத் தகவல் தளம்) எண் தேவை. கல்லூரிதான் உங்கள் விவரத்தை அதில் ஏற்றும், பள்ளியில் தந்த மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம். ஒரே வளாகத்தில் மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி, துணை மருத்துவப் படிப்பு என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் விண்ணப்பம் யாரும் திறக்காத கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

"சப்மிட்" அழுத்தியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும், அப்புறம் மாவட்டமோ மாநிலமோ சரிபார்க்கும். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். "டிஃபெக்டிவ்" என்று வந்தால் திருத்தி மீண்டும் அனுப்பலாம், அதற்கும் கடைசித் தேதி உண்டு. "ரிஜெக்டட்" என்று வந்தால் அந்த ஆண்டு கதை முடிந்தது. அதனால் அச்சுப் பிரதியோடு அலுவலகத்துக்குப் போய், சரிபார்க்கும் முன்பே ஒருமுறை காட்டிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னும், மாதக் கடைசியிலும் போகாதீர்கள். கோபப்படவும் வேண்டாம். அந்த ஒரு கிளார்க்தான் ஐந்து பேட்ச் மாணவர்களுக்கும் பார்க்கிறார்.

செலவு என்று பார்த்தால் சான்றிதழ் கட்டணம், ஜெராக்ஸ், பஸ் காசு அவ்வளவுதான். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. "ப்ராசசிங் ஃபீஸ்" கேட்பவர், "உங்கள் உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பவர், இருவரிடமும் போனை வைத்துவிடுங்கள்.

6. புதுப்பித்தல்: நம் படிப்புக்கே உரிய தலைவலி

உதவித்தொகை விதிகளை எழுதியவர்கள் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் கல்வியாண்டை நினைத்து எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஃபர்ஸ்ட் ப்ரொஃப் (எம்.பி.பி.எஸ்.ஸின் முதல் கட்டப் பல்கலைக்கழகத் தேர்வு) முடிவு வருவதற்குள் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தல் தொடங்கிவிடும். மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் இடத்தில் என்ன போடுவது? "தேர்வு முடிவு இன்னும் வரவில்லை" என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்பு அலுவலரிடம் அதைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். எனக்கு அது ஏற்கப்பட்டது. முடிவு வந்தவுடன் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும்.

நீங்கள் எந்த ஆண்டில் படிக்கிறீர்கள் என்பதிலும் குழப்பம் வரும். "செகண்ட் ப்ரொஃப்" என்பதை இரண்டாம் ஆண்டாகவும் மூன்றாம் ஆண்டாகவும் ஒரே பேட்சில் இருவர் எழுதியதை நானே பார்த்தேன். போனஃபைடில் உள்ளதையே எழுதுங்கள். முன்பு சொன்ன, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கான மத்திய உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

7. பரிசுகளும் ஆராய்ச்சி உதவியும்

வருமான வரம்பைத் தாண்டியவர்கள் இந்தப் பக்கம் பாருங்கள், இங்கே யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்தும் குறுகிய கால ஆராய்ச்சி மாணவர் திட்டத்தை எல்லோரும் எஸ்.டி.எஸ். என்பார்கள். உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் இரண்டு மாத ஆய்வு. அறிக்கை ஏற்கப்பட்டால் 50,000 ரூபாயும் சான்றிதழும் கிடைக்கும். பணம் முன்கூட்டியே வராது.

இதில் இரண்டு பொறிகள். ஒரு வழிகாட்டி ஓர் ஆண்டில் ஒரு மாணவரைத்தான் அனுப்ப முடியும். நல்ல வழிகாட்டிகளைச் சீனியர்கள் முன்பே பிடித்துவிடுவார்கள், அதனால் அறிவிப்பு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போய்க் கேளுங்கள். கம்யூனிட்டி மெடிசின், மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி துறைகளில் இடம் கிடைப்பது எளிது. அடுத்தது, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி. அந்தக் குழு நினைத்தபோதெல்லாம் கூடாது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ப உங்கள் முன்மொழிவை முடியுங்கள். இரண்டு மாதத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும் என்று ஓ.பி.யில் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிவிட்டு மாதிரி அளவை, அதாவது ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்பதை, எழுதுங்கள். என் நண்பன் 400 பேர் என்று எழுதிவிட்டு 70 பேரோடு திண்டாடினான்.

இன்னொன்று, பழைய மருத்துவக் கல்லூரிகளில் பாடவாரியாகப் பிரைஸ் எக்ஸாம் நடக்கும். யாரோ ஒரு பேராசிரியர் நினைவாக வைத்த முதலீட்டின் வட்டியில் பதக்கமும் சிறு தொகையும். நோட்டீஸ் போர்டின் மூலையில் ஒரு தாளில் ஒட்டியிருப்பார்கள், பல தேர்வுகளுக்குப் பத்துப் பேர்கூடப் பெயர் கொடுப்பதில்லை. பார்மகாலஜி பிரைஸ் எக்ஸாமில் நாங்கள் மொத்தம் ஆறு பேர் உட்கார்ந்தோம், மூன்று பரிசு இருந்தது. எனக்கு மூன்றாவது. துறை அலுவலகத்தில் கேட்டால் இந்த ஆண்டு எந்த மாதம் என்று சொல்வார்கள்.